தமையனோடு சென்ற ஆறு

ஆறு என்னுஞ் சொல் தமிழில் நீரோட்டத்தையும் குறிக்கும், வழியையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒருங்கே அமைய வாழ்ந்தவர் அமெரிக்க நாட்டறிஞராகிய ஹென்றி டேவிட் தோரோ. அவர் பெயரைக் கேட்டவுடன், வோல்டன் குளக்கரையிற் சிறு குடிலமைத்துத் தனித்துறைந்த துறவி போன்ற ஒருவரே நம் நினைவில் எழுவர். ஆயினும், தனிமைக்கு இலக்கணமாகக் கருதப்படும் அப்பெரியாரின் முதல் நூல் தனிமையிற் பிறந்ததன்று. தமையனும் தம்பியுமாக ஒரே படகில் இருந்து துடுப்பு வலித்த பயணத்திலே பிறந்தது அது. அத்தமையனின் வரலாற்றை அறியாதார் தோரோவை முற்ற அறிந்தவராகார்.

மசாச்சுசெற்ஸ் மாநிலத்திலே, பொஸ்ரன் நகருக்கு ஏறக்குறைய 20 மைல் தொலைவிலுள்ள கொங்கோட் என்னும் ஊரில், 1817ஆம் ஆண்டு யூலைத் திங்கள் 12ஆம் நாள் தோரோ பிறந்தார். தந்தையார் பென்சில் செய்து விற்று வாழ்ந்தவர். ஹெலன், ஜோன், ஹென்றி, சோஃபியா என மக்கள் நால்வர். ஜோன், ஹென்றிக்கு நேர் மூத்தவர், மலர்ந்த முகத்தினர், எவரோடும் எளிதிற் கலந்து பழகுபவர். ஹென்றியோ தம்முள் ஒடுங்கிய இயல்பினர். இருவருள் ஜோனே பெரும்புகழ் எய்துவர் என ஊரார் பலர் எண்ணியிருந்தனர். இயல்பில் இங்ஙனம் வேறுபட்ட இருவரையும் ஆறும், காடும், பறவையும், மீனும் ஒன்றுபடுத்தின. ஹென்றி ஹாவாட்டில் 1833 முதல் 1837 வரை கற்றபோது, அவருடைய கல்விச் செலவுக்குத் தமையனாரும் தமக்கையாரும் ஆசிரியத் தொழிலில் ஈட்டிய பொருளிலிருந்து கொடுத்துதவினர்.

கல்வி முடித்து ஊர் திரும்பிய ஹென்றி, ஊர்ப் பாடசாலையில் ஆசிரியரானார். இரண்டு வாரந்தானும் அங்கு நிலைத்தாரல்லர். மாணாக்கரை அடியாது கற்பித்தல் தகாது என மேற்பார்வையாளர் ஒருவர் வற்புறுத்த, யாதொரு காரணமுமின்றி மாணாக்கர் சிலரை அன்றே அடித்துவிட்டு, அன்று மாலையே பதவியைத் துறந்தார். அடியின் பொருளின்மையை அடித்தே காட்டிய இச்செயல் எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஆசிரியராயினார் எண்ணிப் பார்ப்பாராக. பின்னர் 1838இல் தாமே ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1839இல் ஜோன் அதில் வந்து சேர்ந்தார். பிரம்பு அப்பள்ளியுட் புகவில்லை. மாணாக்கரைக் காட்டிற்கும் ஆற்றிற்கும் அழைத்துச் சென்று, கண்ணாற் காண்பவற்றைக் கொண்டே இருவரும் பாடஞ் சொல்லினர்.

அவ்வாண்டு இளவேனிற் காலத்தில் உடன்பிறந்தார் இருவரும் ஒரு பயணத்துக்குத் திட்டமிட்டனர். கொங்கோட் ஆற்றின் வழியே இறங்கி, மெறிமாக் என்னும் பேராற்றை எதிர்த்தேறி, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து வெண்மலைத் தொடரைக் காண்டல் வேண்டும் என்பது அவர்தம் கருத்து. படகை விலைக்கு வாங்கினாரல்லர். ஒரு வார உழைப்பிலே தம் கைகளாலேயே கட்டினர். அதன் நீளம் 15 அடி. அகலம் மிக்க இடத்தில் மூன்றரை அடி. கீழ்ப்புறம் பச்சையும் விளிம்பு நீலமுமாக வண்ணந் தீட்டினர். நீர்வீழ்ச்சிகள் குறுக்கிட்ட இடங்களிற் கரைவழி உருட்டிச் செல்வதற்குச் சில்லுகள் அமைத்தனர். துடுப்புகளும், ஆழமற்ற இடங்களில் ஊன்றித் தள்ளுதற்குக் கழிகளும் சேர்த்தனர். பாய்மரம் இரண்டனுள் ஒன்று இரவிலே கூடாரத்துக்குக் காலாகுமாறு வகுக்கப்பட்டது. பருத்தித் துணியாலாய கூடாரம், விரித்துப் படுக்க எருமைத்தோல், தம் தோட்டத்திலே விளைந்த உருளைக்கிழங்கும் முலாம்பழமும் ஆகிய இவையே அவர் கொண்ட பொருள்கள். ஒரு பொருள் இரு பணி செய்தல் வேண்டும் என்னும் அச்சிக்கனம், பின்னாளில் அவர் குடில் வாழ்க்கையிலே தத்துவமாய் விரிந்ததை ஈண்டு வித்தாகக் காணலாம். அவ்வாற்றுக்குப் பழங்குடி மக்கள் வழங்கிய மஸ்கெற்றாகுவிட் என்னும் பெயரையே படகுக்கு இட்டனர்.

படகு கட்டி முடிந்தபின், பயணந் தொடங்குமுன், ஒரு நிகழ்ச்சி குறுக்கிட்டது. யூலைத் திங்களில் எலன் சூவெல் என்னும் நங்கை கொங்கோட்டுக்கு விருந்தாக வந்தாள். அவள் தம்பி அவர்தம் மாணவர்களுள் ஒருவன். தமையனும் தம்பியும் ஒருங்கே அவள்பால் நெஞ்சிழந்தனர். அவள் ஊர் திரும்பிய சில வாரங்களின் பின், ஓகத்து 31ஆம் நாள் சனிக்கிழமை, தூறல் ஓய்ந்த பிற்பகலில் இருவரும் படகை நீரில் விட்டனர். ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கியிருக்கும் சிறு படகிலே, ஒரே பெண்ணை நினைந்த இருவர் இரு வாரம் ஒன்றாக இருந்தனர் என்பதை நினைக்குமிடத்து, அப்பயணத்தின் அமைதி எளிதில் வந்ததன்று என்பது புலனாகும். ஆயினும் அவர்க்கிடையே பிளவு தோன்றவில்லை.

முதலிரவு பில்லெறிக்கா என்னும் ஊரருகே தங்கினர். மறுநாள் மிடில்செக்ஸ் கால்வாயுட் புகுந்தனர். ஆறு மைல் தூரம் ஒருவர் கரையோரம் ஓடிக் கயிற்றால் இழுக்க, மற்றவர் படகிலிருந்து கரையில் முட்டாதவாறு கழியால் விலக்க, ஒரு மணிக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் அதனைக் கடந்தனர். அவ்வூரிலிருந்த அணைதான் தோரோவின் நெஞ்சை மிக வருத்தியது. ஒரு காலத்திற் கடலினின்றும் முட்டையிடுதற்பொருட்டு ஆறேறி வந்த சல்மன் மீனும், நமது உல்லம் மீனுக்கு உறவாகிய சாட் என்னும் மீனும் அணைகள் எழுந்தபின் கொங்கோட் ஆற்றுக்கு வருதல் ஒழிந்தது. வழியடைபட்டு அணையின் அடியிலே காத்திருக்கும் அம்மீன்களுக்கு நீதி வழங்குவார் யாவர் என அவர் ஏங்கினார். மீன் பிடிக்கும் இன்பத்தை இளமை முதல் அறிந்த ஒருவர், மீனின் பக்கம் நின்று வழக்குரைத்தது கருதத்தக்கது. இருபது ஆண்டின் பின், 1859இல், அவ்வணையால் வெள்ளத்துள் மூழ்கிய புற்றரைகளின் உரிமையாளர் பொருட்டு அவ்வாற்றை அளந்து கணக்கிடும் பணி அவரையே வந்தடைந்தது.

மெறிமாக் ஆற்றை எதிர்த்தேறி ஹூக்செற் என்னுமிடத்தை அடைந்து, படகை அங்கு நிறுத்திவிட்டு, உள்நாட்டு வழியாக மலைநாட்டுக்குச் சென்றனர். செத்தெம்பர் 10ஆம் நாள் 6,288 அடி உயரமுள்ள வாஷிங்ரன் மலையுச்சியிலே இருவரும் நின்றனர். பின்பு படகுக்கு மீண்டு, நீரோட்டமும் காற்றும் துணையாக, 13ஆம் நாள் ஒரே பகலில் ஏறக்குறைய 50 மைல் இறங்கி, இரவிலே தம் ஊர்க்கரையை அடைந்தனர். ஏறுதற்குப் பல நாளாகிய ஆறு இறங்குதற்கு ஒரு நாளே கொண்டது.

அதன்பின் நிகழ்ந்தவை விரைந்து நிகழ்ந்தன. 1840இல் ஜோன் எலனிடம் மணம் வேண்டினார். முதலில் இசைந்தவள் பின் மறுத்தாள். அவ்வாண்டின் இறுதியில் ஹென்றி மடல் வாயிலாக வேண்டினார். தந்தையின் சொற்படி அவருக்கும் மறுப்பே வந்தது. ஜோனின் உடல்நிலை தளர்ந்தமையால் 1841இற் பள்ளி மூடப்பட்டது. ஹென்றி, அறிஞர் எமேர்சனின் இல்லத்திலே உதவியாளராக உறையச் சென்றார். 1842ஆம் ஆண்டின் முதல் நாள், சவரக்கத்தியைத் தீட்டும்போது ஜோனின் விரலிற் சிறு காயம் பட்டது. அற்பமெனக் கருதிய அக்காயத்தின் வழி ஏற்புவலி பற்றிக்கொண்டது. அந்நோய்க்கு மருந்தில்லாத காலம் அது. சனவரி 11ஆம் நாள் தம்பியின் கைகளிலே தமையனின் உயிர் பிரிந்தது. அப்போது ஜோனுக்கு முப்பது வயது நிரம்பவில்லை.

அழுது ஆறியிருப்பாராயின் நன்று. ஹென்றி அழவில்லை. சில நாளில் ஏற்புவலியின் குறிகள் யாவும், காயமேதுமின்றி, அவருடலிலும் தோன்றின. இறப்பரோ என இல்லத்தார் அஞ்சினர், பின்னர்த் தேறினார். அத்துயரிடையே எமேர்சனின் ஐந்து வயது மகன் வோல்டோ, சனவரி 27இல் நோயுற்று இறந்தான். அப்பிள்ளையைச் சில திங்களுக்கு முன் அழைத்துச் சென்று நிழற்படம் எடுப்பித்தவர் ஜோனே. இறந்த மகனின் முகத்தைத் தந்தைக்கு எஞ்ச வைத்தவர், தாமும் இறந்தவர் வரிசையிற் சேர்ந்துவிட்டார். நாள்தோறும் நாட்குறிப்பு எழுதும் வழக்கினராகிய ஹென்றி, ஐந்து வாரத்துக்கு மேலாக ஒரு சொல்லும் எழுதினாரல்லர். அவ்வாண்டே படகையும் கதையாசிரியர் நதானியல் ஹோதோணுக்கு ஏழு டொலருக்கு விற்றார். ஹோதோண் அதன் பெயரையும் மாற்றினார். தமையனும் இல்லை, படகும் இல்லை. எஞ்சியது ஆறு ஒன்றே.

1845 யூலை 4ஆம் நாள் வோல்டன் கரையிற் குடிபுகுந்த தோரோ, அங்கு இரண்டாண்டுக்கு மேல் வாழ்ந்தார். குடில் கட்டிய செலவு 28 டொலர் பன்னிரண்டரைச் சதம். வாழும் வகையை ஆராய்தற்கு அங்குச் சென்றார் என்பர், அஃது உண்மையே. ஆயினும் மேசைமேல் அவர் விரித்த தாள்கள் தமையனோடு சென்ற பயணத்தைப் பற்றியன. இரண்டு வாரத்தை ஒரு வாரமாகச் சுருக்கி, சனி முதல் வெள்ளி வரை நாளுக்கோர் இயலாக வகுத்து எழுதினார். பகவத்கீதை முதலிய கீழ்த்திசை நூல்களைப் பற்றிய சிந்தனையும் அதனிடையே ஓடுகின்றது. நூல் முழுவதிலும் ஜோனின் பெயர் ஓரிடத்திலும் இல்லை; எலன் என்னும் பெயரும் இல்லை. உடன்பிறந்தார் என்னும் முறைப்பெயர் மாத்திரமே உண்டு. பெயரைச் சொல்லின் எழுத்து நின்றுவிடும் என அஞ்சினர் போலும்.

அந்நூல் 1849இல் அவர் சொந்தப் பொறுப்பிலே 1,000 பிரதிகளாக அச்சாயிற்று. விலைபோனவை இருநூறுக்குச் சற்று மேல். 1853இல் 706 பிரதிகளைப் பதிப்பாளர் திருப்பியனுப்ப, தாமே சுமந்து மாடியறையில் அடுக்கினார். அச்சுக்கடன் 290 டொலரைப் பென்சில் செய்தும் நிலம் அளந்தும் தீர்த்தார். அதே 1849இல் வெளிவந்த, அரசின் அநீதிக்கு இணங்காமை பற்றிய அவர் கட்டுரை, பின்னாளில் தென்னாபிரிக்காவில் காந்தியடிகளின் கையை அடைந்தது. அங்கு அடிகளின் பின் சிறை சென்றோருட் பெருந்தொகையினர் தமிழர் என்பது நாம் மறக்கத்தகாத செய்தி.

1854இல் வெளிவந்த வோல்டன் என்னும் நூலே அவர் புகழை நிறுவிற்று. எனினும் கயரோகத்தால் மெலிந்து கிடந்த இறுதித் திங்களிலும் முதல் நூலை அவர் கைவிடவில்லை. எஞ்சிய பிரதிகளை வேறொரு பதிப்பகத்தார் வாங்கி, மீண்டும் வெளியிட இசைந்தனர். 1862 மே 6ஆம் நாட் காலையில், தங்கை சோஃபியா படுக்கையருகே இருந்து, அந்நூலிலே படகு வீடு நோக்கித் திரும்பும் இறுதிப் பகுதியை வாசித்தார் என வரலாற்றாசிரியர் கூறுவர். கேட்டுக்கொண்டிருந்தவருக்கு வயது 44. அன்றே அவர் உயிர் நீங்கிற்று.

கொங்கோட் ஊரிலே குடும்ப இடுகாட்டில் உடன்பிறந்தார் இருவரும் துயில்கின்றனர். அவர்தம் சிறு கற்களிற் பொறிக்கப்பட்டவை ஜோன் என்றும் ஹென்றி என்றும் பெயர் மாத்திரமே. தனித்து வாழ்ந்த பெரியார் என்று உலகம் போற்றும் ஒருவரின் நெஞ்சில் இருபது ஆண்டு ஒரு துணை இருந்தது. தோரோவைக் கற்பிக்கும் ஆசிரியர் மாணாக்கருக்குக் குடிலைக் காட்டுமுன் படகைக் காட்டுவாராக.