பியோடர் லீனென்

பியோடர் லீனென் (ஏப்ரல் 6, 1911 - ஆகஸ்ட் 6, 1979) ஜெர்மனியைச் சேர்ந்த உயிர்வேதியியலாளர் ஆவார். கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் ஆகியவற்றின் வளர்சிதைமாற்றம் பற்றிய ஆய்வுகளுக்காக 1964 ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசை கொன்ராட் பிளாக்குடன் பகிர்ந்துகொண்டார்.

வாழ்க்கை

லீனென் மியூனிக் நகரில் பிறந்தார். இவரது தந்தை இயந்திரப் பொறியியல் பேராசிரியர். ஹைன்ரிக் வீலாண்டிடம் ஆய்வு செய்து, நச்சுக்காளான்களின் நச்சுப்பொருட்கள் பற்றிய ஆய்வேட்டுக்காக 1937 இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் வீலாண்டின் மகள் ஏவாவை மணந்தார். பனிச்சறுக்கில் ஏற்பட்ட முழங்கால் காயத்தால் போர்ப்பணியிலிருந்து விலக்குப் பெற்றார். 1953 இல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

ஆய்வுகள்

உயிரணுக்கள் அசிட்டிக் அமிலத்திலிருந்து கொழுப்பை உருவாக்குகின்றன என்பது முன்பே அறியப்பட்டிருந்தது. ஆனால் அவ்வமிலம் எளிதில் வினைபுரியாதது. உயிரணுவினுள் அது எந்த வடிவில் வினைபுரிகிறது என்பது புதிராக இருந்தது. 1951 இல் லீனெனும் எர்னஸ்டின் ரைகர்ட்டும் அவ்வடிவத்தை ஈஸ்டிலிருந்து (மதுவம்) பிரித்தெடுத்தனர். அது துணைநொதி ஏ-யின் கந்தக அணுவுடன் பிணைந்த அசிட்டிக் அமிலம், அதாவது அசிட்டைல் துணைநொதி ஏ ஆகும்.

பின்னர் ஈஸ்டின் கொழுப்பு அமிலத் தொகுப்பு நொதியை ஆராய்ந்தார். பல நொதிகள் ஒரே கூட்டமைப்பாக இணைந்திருப்பதையும், வளரும் கொழுப்பு அமிலச் சங்கிலி இறுதிவரை அதனை விட்டு விலகாமல் இருப்பதையும் கண்டறிந்தார். இக்கூட்டமைப்பின் நிறை சுமார் 26 இலட்சம் டால்டன்.

மரபணுக்கள்

இந்நொதியை ஈஸ்ட் எவ்வாறு தேவைக்கேற்ப உருவாக்குகிறது என்ற கேள்விக்கு விடை மரபணுக்களில் இருந்தது. லீனெனுடன் ஆய்வு செய்த எக்கார்ட் சுவைட்சர், கொழுப்பு அமிலத்தை வெளியிலிருந்து அளித்தால் மட்டுமே வளரும் ஈஸ்ட் திரிபுகளை 1970 முதல் ஆராய்ந்தார். நொதியின் இருவகைப் புரதங்களுக்கு எஃப்ஏஎஸ்1, எஃப்ஏஎஸ்2 என்னும் இரு மரபணுக்கள் உள்ளன. ஐநோ2, ஐநோ4 என்னும் புரதங்கள் இணைந்து இவ்விரு மரபணுக்களையும் தூண்டுகின்றன. வளர்ப்பு ஊடகத்தில் இனோசிட்டால், கோலின் ஆகியவை மிகுந்தால் ஓபி1 என்னும் புரதம் அத்தூண்டலைக் குறைக்கிறது. லீனென் வேதியியல் முறையில் ஆராய்ந்த கூட்டமைப்பின் முப்பரிமாண வடிவம் 2007 இல் விரிவாக வெளியானது.

நினைவு

லீனென் 1975 முதல் இறக்கும் வரை அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் அறக்கட்டளையின் தலைவராக இருந்தார். ஜெர்மனியின் இளம் ஆய்வாளர்கள் வெளிநாடுகளில் ஆய்வு செய்ய அவ்வறக்கட்டளை வழங்கும் உதவித்தொகை இவர் பெயரைத் தாங்கியுள்ளது.