ஆனந்தரங்கரும் அவர்தம் நாட்குறிப்பும்

உள்ளத்துள் அடைபட்ட துயரை எழுத்தில் இறக்கி வைத்தால் மனச்சுமை குறையும் என்பர் இக்கால உளநூலார். இருநூற்றெண்பது ஆண்டுகட்கு முன்னரே நாட்குறிப்பு எழுதுவதை வாழ்நாள் வழக்கமாகக் கொண்டார் தமிழர் ஒருவர். அவரே புதுவை ஆனந்தரங்கப் பிள்ளை.

1709ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்த அவர், இளமையிலேயே தந்தை திருவேங்கடம் பிள்ளையுடன் புதுவையிற் குடியேறினார். நம்மைப் போன்றே தொழில் நாடி ஊர் பெயர்ந்த குடும்பம் அது. மாமன் முறையினரான நைனியப்பப் பிள்ளை, பிரெஞ்சுக்காரரிடம் பெரும்பதவி வகித்துப் பின்னர் அவர்களாலேயே சிறையிடப்பட்டு, 1717இல் ஆங்கேயே மாண்டார். அதிகாரத்தின் அருகிருப்போர் நாவடக்கம் பேண வேண்டும் என்பதைச் சிறுவனாகிய ஆனந்தரங்கருக்கு உணர்த்த இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

1736 செப்டம்பரில் அவர் நாட்குறிப்பைத் தொடங்கினார். கப்பல்களின் வரவு, வணிகச் செய்தி, ஊர்ப்பேச்சு, வீட்டு நிகழ்ச்சி அனைத்தும் அதில் இடம்பெற்றன. 1747இல் கவர்னர் டூப்ளேயின் தலைமைத் துபாஷி ஆனார். பெருமை உயர்ந்தது, உடன் பகையும் வளர்ந்தது. கவர்னரின் மனைவியே அவருக்கு எதிராக நின்றார். 1748இல் ஆங்கிலேயர் புதுவையை முற்றுகையிட்டபோது, பிரெஞ்சுக்காரர் வேதபுரீசுவரர் ஆலயத்தை இடித்தனர். தடுக்கும் வலிமை அவருக்கில்லை. அவையிற் கூற இயலாத அவ்வேதனையை ஏட்டில் எழுதினார். எழுதியதால் ஆலயம் மீளவில்லை. ஆயினும் மறுநாட் பணியை ஆற்றும் திண்மை அவரிடம் குன்றாதிருந்தமைக்கு அவ்வேடும் ஒரு துணையென்றே நாம் கருதுகின்றோம்.

1756இல் பதவி பறிபோயிற்று, உடலும் நலிந்தது. குறிப்போ 1761 ஜனவரி வரை தொடர்ந்தது. அத்திங்களிலேயே அவர் மறைந்தார். புதுவையும் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1846இல் வெளிப்பட்ட அக்குறிப்பு, 1904 முதல் 1928 வரை பன்னிரு தொகுதிகளாக ஆங்கிலத்தில் அச்சேறியது. இன்று வரலாற்றாசிரியர்க்கு அது ஒரு கருவூலம்.

அன்பர்களே! உல்லாஸ்நகரிலிருந்து விடியலில் மின்சார ரயிலேறி, இரவு திரும்பும் நம்மவர் பலர். மேலதிகாரியிடம் சொல்ல முடியாதது ஒன்று, ஊரிலிருக்கும் பெற்றோரிடம் சொல்லக் கூடாதது ஒன்று என நெஞ்சில் தேங்குவன பல. ஒரு கணக்கு நோட்டும், உறங்குமுன் பத்து நிமிடமும் போதும். தாங்கவொண்ணாத் துயராயின் உற்றாரையும் மருத்துவரையும் நாடுதலே முறை. மற்றை நாள்களில், நமக்கு நாமே தமிழில் நாலு வரி எழுதிக்கொள்வோம். நெஞ்சின் பாரம் சிறிதேனும் இறங்கும்.