வீரமுரசின் தோழமை

நண்பருக்குத் துணைநின்றதையே குற்றமெனக் கூறி, அதற்கெனத் தனித் தண்டனை விதித்த வழக்கொன்று இந்திய விடுதலைப் போராட்ட வரலாற்றில் உண்டு. தண்டனை பெற்றவர் கப்பலோட்டிய தமிழர் வ.உ. சிதம்பரனார், அந்நண்பர் வீரமுரசு சுப்பிரமணிய சிவா.

சிவா 1884ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் வத்தலகுண்டில் பிறந்தார். இளமையிலேயே நாட்டுப்பற்று மிக்கவராய்த் திகழ்ந்த அவர், ஊர்தோறும் சென்று விடுதலை உணர்வை ஊட்டினார். திருவிதாங்கூர் அரசு அவரைத் தன் எல்லையிலிருந்து வெளியேற்றியது. பின்னர்த் தூத்துக்குடியை அடைந்த அவரைத் தம்மினும் பன்னிரண்டு ஆண்டுகள் மூத்தவரான சிதம்பரனார் அன்புடன் ஏற்றுத் தம் இல்லத்தில் தங்கவைத்தார். சிதம்பரனாரின் செயலும் சிவாவின் சொல்லும் இணைந்தன. 1908ஆம் ஆண்டு கோரல் ஆலைத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் வெற்றி பெற இருவரும் அரும்பாடுபட்டனர்.

அவ்வாண்டு மார்ச் 12ஆம் நாள் இருவரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். வழக்கை விசாரித்த நீதிபதி பின்ஹே, சிவாவுக்குப் பத்தாண்டு நாடுகடத்தல் தண்டனை விதித்தார். சிதம்பரனாருக்கோ, அரச நிந்தனைக்காக இருபது ஆண்டுகளும், சிவாவுக்கு உடந்தையாக இருந்தமைக்காக மேலும் இருபது ஆண்டுகளும் விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைக்கப்பட்டன. எனினும், சிறைவாழ்க்கை இருவரையும் வாட்டியது. சிதம்பரனார் செக்கிழுத்தார், சிவாவைத் தொழுநோய் பற்றியது.

1912ஆம் ஆண்டு இருவரும் அடுத்தடுத்து விடுதலை பெற்றனர். சிதம்பரனாரின் கப்பல் நிறுவனம் அழிந்திருந்தது. சென்னையில் சிறு வாணிகம் செய்து அவர் பிழைக்க நேர்ந்தது. அவர்களின் தோழர் பாரதியார் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்தார். அவர் நடத்திய ‘இந்தியா’ இதழ் முன்னரே நின்றுபோயிருந்தது. ஒருவரையொருவர் காண்பதற்கும் தடைகள் மிகுந்த அக்காலத்தில், சிவா 1913ஆம் ஆண்டு ‘ஞானபானு’ என்னும் திங்களிதழைத் தொடங்கினார். பாரதியாரின் ‘சின்னச் சங்கரன் கதை’ அதில் வெளிவந்தது. சிதம்பரனாரும் அதில் எழுதினார். சிறையும் வறுமையும் பிரித்துவைத்த நண்பர்கள் அவ்விதழின் பக்கங்களில் ஒன்றுகூடினர். நண்பர்கள் தனியே எழுதிக்கொள்ளும் மடல்கள் வளர்க்கும் நெருக்கத்தை, நாடறியப் படிக்கும் இதழொன்று வளர்த்தது எனலாம். தம்மை ஆதரித்தமைக்காகத் தண்டனை பெற்ற நண்பருக்குச் சிவா ஆற்றிய கைம்மாறு அதுவே.

நோய் முற்றியது. தொழுநோயாளி என்பதால் தொடர்வண்டியில் செல்ல அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. அவர் நடந்தும் மாட்டுவண்டியில் சென்றும் மேடைகளில் முழங்கினார். 1921ஆம் ஆண்டு மீண்டும் சிறை சென்றார். அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த தருமபுரிப் பகுதியிலுள்ள பாப்பாரப்பட்டி அவருக்குப் புகலிடமாயிற்று. உலகம் தொட அஞ்சிய மனிதரை அவ்வூர் நண்பர்கள் அரவணைத்தனர். அவர்களின் துணையுடன் அங்கு நிலம் வாங்கி, அதற்குப் பாரதபுரம் எனப் பெயரிட்டார். சாதி, சமய வேறுபாடின்றி அனைவரும் வழிபடுவதற்கெனப் பாரதமாதா கோயில் எழுப்ப விரும்பினார். 1923ஆம் ஆண்டு தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். கோயில் எழுவதைக் காணாமலே, 1925ஆம் ஆண்டு சூலை 23ஆம் நாள், நாற்பதாம் வயதில் பாப்பாரப்பட்டியில் சிவா உயிர்நீத்தார்.

அவர் நினைவைப் போற்றும் மணிமண்டபம் இன்று அவ்வூரில் உள்ளது. ஆட்சியாளர் குற்றமெனத் தீர்ப்பளித்த தோழமையை, மக்கள் பெருமையெனப் போற்றுகின்றனர்.