அரசரிடமும் உண்மை உரைத்த இமாம் மாவர்தீ (ரஹ்)

ஆட்சியாளரைத் தூரத்தில் நின்று குறை கூறுவது எளிது. அவருடைய அரண்மனைக்கு அன்றாடம் போய்வந்து, அவருடைய அன்புக்கும் அன்பளிப்புக்கும் உரியவராக இருக்கும் ஒருவர், அவர் ஆசைப்பட்டுக் கேட்கும் ஒன்றை மார்க்கம் அனுமதிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதுதான் கடினம். ஹிஜ்ரி 5-ஆம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் அவ்வாறு சொல்லிக் காட்டியவர் இமாம் அபுல் ஹஸன் அலீ இப்னு முஹம்மது மாவர்தீ (ரஹ்) அவர்கள்.

இமாமவர்கள் ஹிஜ்ரி 364-இல் (கி.பி. 974) பஸ்ராவில் பிறந்தார்கள். குடும்பத்தார் பன்னீர் வியாபாரம் செய்து வந்தமையால் மாவர்தீ என்னும் பெயர் வந்தது. பஸ்ராவில் ஸைமரீ என்னும் அறிஞரிடமும், பின்னர் பக்தாதில் புகழ்பெற்ற அபூ ஹாமித் இஸ்ஃபராயீனீ அவர்களிடமும் ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹுக் கலையைக் கற்றுத் தேர்ந்தார்கள். பல ஊர்களில் காழியாகப் பணிபுரிந்தபின் பக்தாதில் நிலையாகத் தங்கிப் பாடம் நடத்தினார்கள். வரலாற்றாசிரியர் கதீப் பக்தாதீ அவர்கள் இமாமவர்களின் மாணவர்களுள் ஒருவர்.

அன்றைய பக்தாதின் நிலையை நாம் அறிந்துகொள்ள வேண்டும். கலீஃபாவின் பெயர் ஜும்ஆ குத்பாவில் ஓதப்பட்டது. ஆனால் படையும் பணமும் கி.பி. 945 முதல் புவைஹி அமீர்களின் கையில் இருந்தன. அந்த அமீர்களோ தமக்குள்ளும் சண்டையிட்டனர். கலீஃபாவுக்கும் அமீர்களுக்கும் இடையே தூது செல்ல, இருசாராரும் நம்பும் ஒருவர் தேவைப்பட்டார். அந்தப் பொறுப்பு இமாமவர்களைத் தேடி வந்தது.

ஹிஜ்ரி 422-இல் (கி.பி. 1031) காயிம் பிஅம்ரில்லாஹ் கலீஃபாவானபோது, அமீர் அபூ காலீஜாரிடம் பைஅத் பெற்று வர இமாமவர்களையே அனுப்பினார். அந்த அமீர் தமக்கு மாபெரும் சுல்தான், சமுதாயங்களின் அதிபதி என்றெல்லாம் பட்டங்கள் வேண்டும் எனக் கேட்டார். அவை கலீஃபாவுக்கே உரியவை, பிறருக்குத் தர இயலாது என்று இமாமவர்கள் மறுத்துவிட்டார்கள். தூது முறிந்துவிடவும் இல்லை; அதைவிடச் சிறிய பட்டம் ஒன்றில் உடன்பாடு ஏற்பட்டது.

இதனினும் பெரிய சோதனை ஹிஜ்ரி 429-இல் (கி.பி. 1038) வந்தது. பக்தாதின் அமீர் ஜலாலுத் தவ்லா, மலிக்குல் முலூக், அதாவது அரசர்க்கெல்லாம் அரசர், என்னும் பட்டத்தை விரும்பினார். இமாமவர்களிடம் மிக நெருங்கிய நட்புடையவர் அவர். மிம்பரில் அப்பட்டம் ஓதப்பட்டதும் பள்ளிவாசலில் கூடியிருந்த பொதுமக்கள் கொதித்தெழுந்தார்கள். குத்பா ஓதியவர்கள் மீது செங்கற்களை எறிந்தார்கள். உடனே அறிஞர்களிடம் ஃபத்வா கேட்கப்பட்டது.

அறிஞர்களில் பலர் அது கூடும் என்றனர். பூமியின் அரசர்களுக்கு மேலான அரசர் என்பதே அதன் பொருள், அதில் குற்றமில்லை என்பது அவர்களின் வாதம். காழி அபுத் தய்யிப் தபரீ போன்ற பெரிய மேதைகளும் அக்கருத்தில் இருந்தனர். இமாம் மாவர்தீ அவர்களோ கூடாது என்று தீர்ப்பளித்தார்கள். அரசர்க்கரசர் என்று தன்னை அழைத்துக்கொள்பவனின் பெயர் அல்லாஹ்விடத்தில் மிக இழிவானது எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் ஸஹீஹான கிதாபுகளில் உள்ளதை நாம் அறிவோம்.

தீர்ப்பைச் சொல்லிவிட்டு இமாமவர்கள் அரண்மனைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்கள். ரமழானிலிருந்து ஹஜ்ஜுப் பெருநாள் வரை வீட்டிலேயே இருந்தார்கள். பெருநாளன்று அமீரிடமிருந்து அழைப்பு வந்தது. அஞ்சியபடியேதான் சென்றார்கள்.

நடந்ததோ வேறு. அமீர் அவர்களைத் தனியாக வரவழைத்துப் பேசினார். ஃபுகஹாக்களில் செல்வத்திலும் தம்மிடம் உள்ள நெருக்கத்திலும் இமாமவர்களை மிஞ்சியவர் இல்லை என்பதை எல்லோரும் அறிவர். முகத்தாட்சணியம் பார்ப்பவராக இருந்தால் முதலில் தமக்குச் சாதகமாகப் பேசியிருக்க வேண்டியவர் அவரே. சத்தியத்தைத் தவிர வேறெதுவும் அவரைத் தடுத்திருக்க முடியாது என்று அமீர் கூறி, முன்னிலும் அதிகமாகக் கண்ணியப்படுத்தினார். மற்ற அறிஞர்கள் உள்ளே வரவும் அன்று இமாமவர்களின் அனுமதியே கேட்கப்பட்டது.

அதே ஆண்டில் இமாமவர்களுக்கு அக்ழல் குழாத் என்னும் நீதிபதிப் பட்டம் வழங்கப்பட்டது. அமீருக்கு அரசர்க்கரசர் பட்டம் கூடும் என்ற அறிஞர்களில் சிலர் இதனை மட்டும் ஆட்சேபித்தார்கள்! இமாமவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அப்பட்டம் அவர்களின் பெயரோடு நிலைத்துவிட்டது.

ஹிஜ்ரி 435-இல், கிழக்கிலிருந்து எழுந்துவந்த சல்ஜூக் தலைவர் துக்ரில் பேக்கிடம் சமாதானம் பேச, எழுபது வயதைத் தாண்டியிருந்த இமாமவர்களையே கலீஃபா அனுப்பினார். ஜுர்ஜான் நகரில் இருந்த துக்ரில், தூதரைக் கண்ணியப்படுத்த 4 ஃபர்ஸக் தூரம் எதிர்கொண்டு வந்து வரவேற்றார்.

கண்ணாரக் கண்ட இந்த அனுபவங்களோடு அவர்கள் எழுதியதே அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா. 20 அத்தியாயங்கள் கொண்ட அக்கிதாபில் தலைவருக்குரிய 7 தகுதிகளும் 10 கடமைகளும் வகுக்கப்பட்டுள்ளன. அமைச்சர், நீதிபதி, வரி, சந்தைக் கண்காணிப்பு ஆகியவற்றின் சட்டங்களும் உள்ளன. அதிகாரிகளால் அநீதி இழைக்கப்பட்டவர்கள் முறையிடும் மழாலிம் மன்றத்துக்குத் தனி அத்தியாயமே உண்டு. அம்மன்றத்தில் காவலர், காழிகள், ஃபுகஹாக்கள், எழுத்தர், சாட்சிகள் என ஐந்து வகையினரும் உடனிருக்க வேண்டும் என்பது அவர்களின் விதி. செங்கல் எறியும் நிலைக்கு மக்கள் போகாதிருக்க, அவர்களின் முறையீட்டுக்குச் செவிசாய்க்கும் இடம் வேண்டுமல்லவா?

ஃபிக்ஹில் அல் ஹாவீ என்னும் பெருநூலை எழுதிய அவர்களே, 40 தாள்களில் அடங்கும் அல் இக்னாஃ என்னும் சுருக்கத்தையும் எழுதினார்கள். கலீஃபா காதிர் பில்லாஹ் நான்கு மத்ஹபுகளுக்கும் ஒவ்வொரு சுருக்கநூல் கேட்டபோது ஷாஃபிஈ மத்ஹபுக்காக எழுதப்பட்டது அது. நம் மத்ரஸாக்களில் ஹனஃபீ மாணவர்கள் ஓதும் கிதாபை எழுதிய இமாம் குதூரீ அவர்களே அப்போது ஹனஃபீ மத்ஹபுக்காக எழுதித் தந்தார்கள்.

அரசரின் பெருமைக்கு அணைபோட்ட இமாமவர்கள் தம் மனத்தின் பெருமைக்கும் காவல் வைத்திருந்தார்கள். வியாபாரச் சட்டங்கள் பற்றி ஒரு கிதாபு எழுதி முடித்து, இத்துறையில் தமக்கு நிகரில்லை என்ற எண்ணம் மனத்தில் எட்டிப் பார்த்த வேளையில், கிராமத்து அரபிகள் இருவர் வந்து தாங்கள் செய்த ஒரு வியாபாரத்தைப் பற்றிக் கேட்டார்களாம். இமாமவர்களுக்குப் பதில் தெரியவில்லை. அவர்கள் எழுந்துபோய், கல்வியில் குறைந்த ஒருவரிடம் கேட்டு உடனே பதில் பெற்றார்கள். இதைத் தம் அதபுத் துன்யா வத்தீன் என்னும் கிதாபில் மறைக்காமல் எழுதி, தமக்குக் கிடைத்த நல்லுபதேசம் என்று கருதினார்கள்.

ஹிஜ்ரி 450-இல் (கி.பி. 1058) 86 வயதில் பக்தாதில் வஃபாத்தானார்கள். வாழ்நாளில் தம் கிதாபுகளை வெளியிடாமல் வைத்திருந்தார்கள் என்று ஒரு செய்தி சொல்லப்படுகிறது. உயிர் பிரியும் வேளையில் ஒருவரின் கைக்குள் தம் கையை வைத்துக்கொண்டு, தாம் அக்கையை இறுகப் பிடித்தால் தம் எழுத்து ஏற்கப்படவில்லை என அறிந்து திஜ்லா நதியில் எறிந்துவிடவும், கை விரிந்தால் வெளியிடவும் வஸிய்யத்துச் செய்தார்களாம். கை விரிந்தது. சில கிதாபுகள் முன்னரே வெளிவந்திருந்தன என்பாரும் உண்டு. எப்படியாயினும், எழுதியது எவனுக்காக என்ற அச்சம் இறுதிவரை அவர்களிடம் இருந்ததை இச்செய்தி காட்டுகிறது.

நமக்கு அரண்மனை இல்லை. ஆனால் உதவி செய்யும் நண்பர், சம்பளம் தரும் முதலாளி, ஊரின் பெரிய மனிதர் உண்டு. அவர்கள் ஹலாலா ஹராமா என்று கேட்கும்போது நம் நாவு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில்தான் நம் இக்லாஸ் தெரியும். அந்த நேரத்தில் சத்தியத்தை மென்மையாகவும் உறுதியாகவும் எடுத்துரைக்கும் தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.