கணக்கு எழுதிய ஐயர்

தைப்பூசம் வந்துவிட்டால் நத்தம் ரோடு முழுக்கப் பச்சை வேட்டியும் காவி வேட்டியும்தான். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து சிங்கம்புணரி வழியாக நம்ம ஊருக்குள் வந்து, திண்டுக்கல் தாண்டிப் பழனிக்கு நடக்கிறவர்களுக்குச் சோறும் மோரும் கொடுக்க இளைஞர்கள் வழிநெடுக நிற்கிறார்கள். நம் கல்லூரிப் பிள்ளைகளும் அதில் உண்டு. பெருமையான விஷயம். ஆனால் எத்தனை மூட்டை அரிசி வந்தது, யார் கொடுத்தது, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. சாமி காரியத்துக்குக் கணக்கு எதுக்குண்ணே என்பார்கள். எம்.புக்கில் ஏறாத வேலைக்குப் பைசா பெயராத தொழிலில் இருக்கிற எனக்கு இது கொஞ்சம் நெருடும். மலர்க் குழு நண்பர்கள் கட்டுரை கேட்டபோது, சாமி காரியத்தைக் கணக்கோடு செய்த ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. அவர்தான் தஞ்சாவூர் ஸ்வார்ட்ஸ் ஐயர்.

கிறிஸ்டியன் ஃபிரெடரிக் ஸ்வார்ட்ஸ் 1726-ல் பிரஷ்யாவில் பிறந்தவர். ஜெர்மனியில் ஹாலே நகரில் படித்துவிட்டு 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அதன்பிறகு சொந்த ஊர் திரும்பவே இல்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. தமிழ், மராத்தி, பாரசீகம் எல்லாம் பேசுவார். தரங்கம்பாடி, 1762 முதல் திருச்சி, 1778 முதல் தஞ்சை என்று 48 ஆண்டுகள் இந்த மண்ணிலேயே கழிந்தன.

தரங்கம்பாடி மிஷனில் ஒரு பழக்கம் இருந்தது. ஊழியர்கள் எந்த ஊருக்குப் போனோம், யாரிடம் பேசினோம், அவர்கள் என்ன கேட்டார்கள் என்று நாட்குறிப்பு எழுதி ஹாலேக்கு அனுப்புவார்கள். அங்கே 1710 முதல் அதை அச்சிட்டு, காணிக்கை கொடுத்தவர்கள் படிக்கக் கொடுத்தார்கள். கொடுத்தவனுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. ஸ்வார்ட்ஸ் வளர்ந்தது இந்தப் பழக்கத்தில்.

பாளையங்கோட்டையில் 1778-ல் குளோரிந்தா என்ற பிராமண விதவைக்கு அவர் ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-ல் அங்கே சபைப் பதிவேடு ஒன்று தொடங்கப்பட்டது. அதில் இருந்த பெயர்கள் 40. திருநெல்வேலிப் பக்கத்துச் சபை வரலாற்றை எழுதுகிற யாரும் அந்த 40 பெயர்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அன்றைக்கு யாரோ சோம்பல்பட்டிருந்தால் அந்த 40 பேரும் காற்றோடு போயிருப்பார்கள்.

1779-ல் சென்னை கவர்னர் அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஹைதர் அலியிடம் தூது அனுப்பினார். ஹைதர் வழிச்செலவுக்கு 300 ரூபாய் கொடுத்தார். ஐயர் அதைக் கொண்டுவந்து அரசாங்கத்திடம் நீட்டினார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்தப் பணம் தஞ்சையில் அனாதைப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனது.

இனிதான் விஷயமே. 1780-ல் ஹைதரின் படை வந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். காலையில் தெருவெல்லாம் பிணம். கோட்டைக்கு வெளியே நாட்டில் நெல் இருந்தது, ஆனால் ஏற்றிவர மாடு இல்லை. மாடு வைத்திருந்த குடியானவர்கள் வர மறுத்தார்கள். காரணம் சாதாரணமானது. முன்பு நெல் கொண்டுவந்தபோது அவர்களுக்குச் சேர வேண்டிய கூலியை துபாஷிகள் விழுங்கிவிட்டார்கள். ராஜா கேட்டும் நடக்கவில்லை, கம்பெனியார் கேட்டும் நடக்கவில்லை. இரண்டு பேருடைய வாக்கும் செல்லாக்காசு. கடைசியில் ஐயரைக் கேட்டுப் பார்ப்போம் என்று ராஜாவே முடிவு செய்தார்.

கூலியை என் கையாலேயே கொடுக்கிறேன் என்று ஐயர் ஊர்களுக்குக் கடிதம் எழுதினார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகளுக்கு மேல் வந்து நின்றன. உபதேசியாரையும் சபை ஆட்களையும் உயிரைப் பணயம் வைத்து அனுப்பினார். கொஞ்ச நாளில் கோட்டைக்குள் வந்து சேர்ந்த நெல் 80,000 கலம். (மாணவர்களுக்கு: ஒரு கலம் என்பது 12 மரக்கால்.) எல்லாம் முடிந்ததும் சொன்னபடி கூலி கொடுத்தார். கைப்பணம் போதாமல், தன்னிடமிருந்த பிறர் பணத்திலிருந்தும் எடுத்துக் கொடுத்தார். இதை எப்படி அறிகிறோம் என்றால், அவரே அப்படி எழுதி வைத்திருப்பதால்தான். பிறர் பணத்தில் கை வைத்ததை மறைக்காமல் எழுதினாரே, அந்த இடம்தான் எனக்கு 80,000 கலத்தைவிடப் பெரிதாகப் படுகிறது.

பின்னாளில் கொடுமை தாங்காமல் ஓடிப்போன உழவர்களும் இவர் சொல்லை நம்பித்தான் வயலுக்குத் திரும்பினார்கள். ஒரே நாளில் வந்தவர்கள் 7,000 பேர்.

இத்தனை செய்தும் சும்மா விட்டார்களா? இங்கிலாந்து பார்லிமெண்டில் ஒரு உறுப்பினர், மிஷனரிகளால் பிரயோஜனமில்லை என்று பேசிவிட்டார். அது பத்திரிகை வழியாகத் தஞ்சை வந்து சேர்ந்தது. ஐயருக்கு அப்போது அறுபது தாண்டிய வயது. 1794-ல் உட்கார்ந்து பதில் எழுதினார். வசை இல்லை, அழுகை இல்லை. மாடு எத்தனை, நெல் எத்தனை, திரும்பிய ஆள் எத்தனை, யார் அனுப்பினார்கள், யார் பார்த்தார்கள் என்று வரிசையாகச் சொன்னார். லண்டனில் அதை அச்சிட்டார்கள். மேலே நான் கொடுத்திருக்கும் எண்கள் அந்தக் கடிதத்தில் உள்ளவைதான். நல்லது செய்தேன், நம்புங்கள் என்று மட்டும் எழுதியிருந்தால் யார் சீண்டியிருப்பார்கள்?

1787-ல் துளஜா ராஜா சாகும் தறுவாயில் தத்துப்பிள்ளை சரபோஜியை இவரிடம் ஒப்படைத்தார். பையனுக்குப் படிப்பு, பாதுகாப்பு, அரியணை உரிமைக்கான வாதம் எல்லாம் ஐயர் தலையில். சரபோஜி பட்டமேறிய அதே 1798-ல், அதற்குச் சில மாதம் முன்பு, பிப்ரவரி 13 அன்று ஐயர் காலமானார். தஞ்சைத் தேவாலயத்தில் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பி செய்த பளிங்குச் சிற்பம் இருக்கிறது. படுக்கையில் ஐயர், கையைப் பிடித்தபடி சரபோஜி. தஞ்சை போகிறவர்கள் பெரிய கோயிலோடு திரும்பிவிடாமல் அதையும் பாருங்கள்.

அப்படியே சரஸ்வதி மகாலையும் பாருங்கள். சரபோஜி மன்னர் கண் வைத்தியம் செய்வித்த நோயாளிகளின் குறிப்பேடுகள் அங்கே இருக்கின்றன. கண்ணின் படம் வரைந்து, நோய் என்ன, செய்த சிகிச்சை என்ன, குணம் எப்படி என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். இந்தப் புத்தி குருவிடமிருந்து வந்ததா என்று என்னைக் கேட்டால், வேறு எங்கிருந்து வந்திருக்கும் என்றுதான் கேட்பேன்.