எல்லீசர்

நூலைக் கற்பார்க்கு அதனை இயற்றியவர் இன்னாரென அறிதல் வேண்டுமோ என்பது பழைய வினா. பாயிரத்திற்கு இலக்கணம் வகுத்த நம் முன்னோர் ஆக்கியோன் பெயரையே முதற்கண் வைத்தனர். ஆயினும், பெயரன்றி வேறொன்றும் துணிந்து கூறலாகாத புலவர் ஒருவரின் நூலைத் தமிழர் மறையெனப் போற்றி வருகின்றனர். இவ்வினாவின் இரு பக்கங்களையும் தம் வாழ்விற் கண்டவர் ஒருவர் நம் சென்னையிலே வாழ்ந்தார். போலி வேதம் ஒன்றின் முகமூடியைக் களைந்ததும் அவர் கையே. வரலாறு அறியப்படாத வள்ளுவரின் நூலை ஆங்கிலேயர்க்கு விளக்கியதும் அவர் கையே. அவர்தாம் பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ் எனப்படும் எல்லீசர்.

எல்லீசர் 1777-ஆம் ஆண்டிற் பிறந்தவர். 1796-இல் கிழக்கிந்தியக் கும்பினியாரின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தார். வருவாய் மன்றத்தின் செயலர், மசூலிப்பட்டினத்து நீதிபதி முதலிய பதவிகளை வகித்து, 1810-இல் சென்னைக் கலெக்டரானார். அவரோடு கப்பலேறி வந்தவருட் பலர் பொருளீட்டி மீள்வதையே நினைந்திருக்க, அவரோ தமிழ், தெலுங்கு, வடமொழி ஆகியவற்றைப் பண்டிதர்பால் முறையாகக் கற்றார். 1812-இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றுதற்கு முதற்காரணராயிருந்தவரும் அவரே. புதிதாக வரும் ஆங்கில அலுவலர் இந்நாட்டு மொழிகளைக் கற்றற்கென எழுந்தது அக்கல்லூரி. ஆள்வோர் ஆளப்படுவோரின் மொழியறியாது ஆளலாகாதென்பது அவர் கொள்கை.

1816-இல் காம்பெல் என்பார் இயற்றிய தெலுங்கு இலக்கணத்திற்கு எல்லீசர் ஒரு முன்னுரை வரைந்தார். தெலுங்கு வடமொழியினின்று பிறந்ததன்று. தமிழ், கன்னடம் ஆகியவற்றோடு ஒரே குடியிற் பிறந்தது என்பதனை வேர்ச்சொற்களை அடுக்கிக் காட்டி அதில் நிறுவினார். கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856-இல். அதற்கு 40 ஆண்டுகட்கு முன்னரே வித்து ஊன்றியவர் எல்லீசர் என்பதைத் தமிழ் மாணவர் மறத்தலாகாது.

1818-இல் சென்னையிற் குடிநீர்ப் பஞ்சம் நேர்ந்தது. கலெக்டராகிய எல்லீசர் நகரில் 27 கிணறுகளைத் தோண்டுவித்தார். இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயிற் கிணற்றருகே அமைந்த தமிழ்ச் சாசனம் அச்செய்தியைத் தெரிவிக்கின்றது. நாட்டிற்கு உறுப்பாவன எவையென நீர்வளத்தை முதலில் வைத்து ஓதும் 737-ஆம் குறள் அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. குறளைப் படித்துப் பாராட்டியதோடு அமையாமல், அதன் பொருளை மண்ணை அகழ்ந்து நீராகக் கண்டவர் அவர். அச்சாசனத்தில் தம் பெயரை எல்லீசன் எனத் தமிழாக்கிக் கொண்டார். அது பிறரை மயக்கக் கொண்ட பெயரன்று. அன்பினாற் கொண்ட பெயர். தம் நாட்டையாவது அரசையாவது அவர் அதனால் மறைத்தாரல்லர்.

இனிப் போலி வேதத்தின் கதைக்கு வருவோம். 1760-இல், இந்தியாவினின்று மீண்ட மொதாவ் என்னும் பிரெஞ்சுப் பிரபு, எசூர் வேதம் என்னும் கையெழுத்துப் படியைப் புகழ்பெற்ற வால்ட்டேரிடம் அளித்தார். வியாசருக்கும் சுமந்து முனிவருக்கும் இடையே நிகழும் உரையாடலாக அமைந்த அந்நூல், உருவ வழிபாட்டை மறுத்து ஒரே கடவுளை வலியுறுத்துவது. வால்ட்டேர் அதனை அலெக்சாந்தர் காலத்திற்கும் முற்பட்டதெனக் கொண்டு வியந்தார். மறுவாண்டு பாரிசிலிருந்த அரசரின் நூலகத்திற்கு வழங்கினார். கிறிஸ்து மறைக்கு முன்னரே கீழ்நாட்டில் தூய அறிவு விளங்கியதென்பதற்கு அதனைச் சான்றாகவும் காட்டினார். 1778-இல் அது பிரெஞ்சு மொழியில் அச்சேறியது. 1782-இல் சொன்னெரா என்பார் அது பாதிரியார் ஒருவர் புனைந்ததென எழுதினார். எனினும் ஐயம் முற்றும் நீங்கவில்லை.

அதனை நீக்கினவர் எல்லீசர். புதுச்சேரிப் பாதிரிமாரிடம் இருந்த கையெழுத்துப் படிகளை அவர் நேரிற் கண்டார். ஒரு பக்கத்தில் உரோமன் எழுத்தில் வடமொழியும், எதிர்ப்பக்கத்தில் பிரெஞ்சும் வரையப்பட்டிருந்தன. வடமொழிச் சொற்களின் எழுத்துமுறை வங்காளத்தார் உச்சரிப்பைக் காட்டிற்று. எசூர் வேதம் மட்டுமன்றி ஏனைய வேதங்களின் பெயரால் அமைந்த நூல்களும் அங்கே கிடந்தன. உண்மை வேதங்களின் நடையும் பொருளும் அவற்றில் இல்லை. இவற்றையெல்லாம் ஆராய்ந்து எழுதிய கட்டுரை சென்னை இலக்கியக் கழகத்திற் படிக்கப்பெற்றது. அவர் மறைந்த பின்னர், 1822-இல் கல்கத்தாவில் வெளிவந்தது.

இங்கே கிறிஸ்தவ மாணவராகிய நாம் சற்று நின்று சிந்தித்தல் நன்று. ஒரே கடவுளைப் போதிக்கும் நூல் எப்பெயர் தாங்கினால் என்ன என்பார் உளர். அந்நூல் வஞ்சிப்பதற்கென்றே எழுதப்பட்டதோ, பாதிரிமார் தம் போதனைக்காக எழுதிய உரையாடலைப் பிறர் வேதமெனக் கொண்டனரோ என்பதில் அறிஞர் ஒருமனப்பட்டிலர். அஃது எங்ஙனமாயினும், வால்ட்டேர் அதனைப் போற்றியது அதன் தொன்மைக்காகவே. தொன்மை பொய்யானவுடன் அவர் எழுப்பிய மாளிகையும் சரிந்தது. மெய்க்குப் பொய்ச்சாட்சி வேண்டுவதில்லை. பொய்ச்சாட்சி கூறற்க எனும் கட்டளை நீதிமன்றத்திற்கு மட்டும் உரியதன்று. நூலின் முகப்பேட்டிற்கும் உரியது.

இதனால் விளைந்த கேடு இன்னும் ஒன்றுண்டு. புதுச்சேரியில் வழங்கிய செவிவழிச் செய்தியை நம்பி, அந்நூலை இயற்றியவர் இராபர்ட் தெ நொபிலி என்றனர் பலர். அம்மயக்கத்தினின்று எல்லீசரும் முற்றும் தப்பினாரல்லர். தத்துவ போதகர் என்னும் பெயர் பூண்டு, தம் கொள்கையை வெளிப்படையாகத் தமிழில் எழுதிய நொபிலி 1656-இல் நம் மயிலாப்பூரிலே உயிர்நீத்தவர். எசூர் வேதம் வால்ட்டேர் கைக்கு வந்தது அதற்கு நூறாண்டுகட்கும் பிந்தி. 1984-இல் லூடோ ரோசே என்னும் பேராசிரியர் அந்நூலை விரிவாக ஆராய்ந்து, நொபிலி அதன் ஆசிரியரல்லர் எனத் தெளிவித்தார். ஆசிரியர் பெயர் மறைந்த நூலொன்று, குற்றமற்ற ஒருவர் கல்லறைமேல் நெடுங்காலம் பழியைச் சுமத்தி நின்றது.

இனிக் குறளை நோக்குக. வள்ளுவர் மயிலையிற் பிறந்தாரென்பது வழக்கு. அங்கே அவர்க்குக் கோயிலும் உண்டு. சமணர் அவரைத் தம்மவர் என்பர். சைவரும் தம்மவர் என்பர். தோமையாரின் மாணாக்கர் எனக் காட்ட முயன்ற கிறிஸ்தவரும் உளர். தம் பாட்டனார் கந்தப்பனே குறட்சுவடியை எல்லீசரிடம் சேர்ப்பித்தாரென அயோத்திதாசப் பண்டிதர் எழுதியுள்ளார். தலைமேற் குடையுடன் வள்ளுவர் அமர்ந்துள்ள பொற்காசை வெளியிட்டவரும் எல்லீசரே என்பது நாணய ஆராய்ச்சியாளர் கருத்து. முதல் 13 அதிகாரங்களினின்று பொறுக்கிய குறள்களுக்கு அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பும் விளக்கமும் எழுதினார். வள்ளுவர் குலமோ சமயமோ துணியப்படாமை அவர்க்கு ஒரு தடையாகவில்லை. ஏன்? குறள் தன் ஆசிரியரின் பெயரைக் காட்டி நம்பிக்கை கேட்பதன்று. வாழ்வென்னும் உரைகல்லில் நாமே உரைத்துப் பார்க்கலாம். எசூர் வேதமோ பெயரையே பிணையாக வைத்துக் கடன் கொண்டது. பிணை பொய்யானால் கடன் கொடுத்தவர் கேட்கத்தானே வேண்டும்?

நாற்பது வயது நிரம்புமுன் பெருநூல் எதனையும் வெளியிடுவதில்லையென எல்லீசர் உறுதி பூண்டிருந்தார். அவ்வயது கடந்து சிறிது காலத்துள், 1819 மார்ச்சு மாதத்தில், தென்னாட்டுப் பயணத்திடையே இராமநாதபுரத்தில் தவறுதலாக நஞ்சுண்டு இறந்தார். அவர் உடல் திண்டுக்கல்லில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் எழுதிக் குவித்த தாள்கள் பேணுவாரின்றி மதுரையில் அடுப்பு மூட்டுதற்குப் பயன்பட்டன என்பர். குறள் விளக்கமும் முற்றுப்பெறாது நின்றது.

பிறர் நூலுக்கு உரியவர் யாரென ஆராய்ந்தவரின் சொந்த நூல்கள் சாம்பலாயின. ஆயினும், சாசனமும் முன்னுரையும் குறள் விளக்கமும் எஞ்சியுள்ளன. அவற்றின்மேல் அவர் பெயர் மெய்யாகவே நிற்கின்றது. தமிழ் பயிலும் நாம் ஏட்டைக் கையிலெடுக்கும்பொழுது, அந்நூல் எதனைப் பிணையாக வைத்து நம் நம்பிக்கையைக் கேட்கின்றது என்று முதலில் வினவக் கற்போமாக. அறத்தைக் காட்டிக் கேட்பின் ஆசிரியர் பெயரறியாமலும் கொள்வோம். பெயரைக் காட்டிக் கேட்பின், எல்லீசரைப்போல அப்பெயரை ஆராய்ந்தே கொள்வோம்.