நந்தனைப் பாடிய நல்லாசிரியர்: கோபாலகிருஷ்ண பாரதியார்

அறுபத்து மூன்று நாயன்மார்களுள் திருநாளைப்போவார் என்று போற்றப்பெறும் நந்தனாரை அறியாத சைவர் இலர். தமிழ்ப்பள்ளியின் சமய வகுப்பிலோ ஆலயச் சொற்பொழிவிலோ அவருடைய கதையை நாம் கேட்டிருப்போம். பண்ணையில் உழைத்த நந்தன் தில்லைக்குச் செல்ல விடைகேட்பதும், பண்ணையாராகிய வேதியர் நாற்பது வேலி நிலத்தின் பயிர்வேலையை முடித்துவிட்டுப் போகுமாறு பணிப்பதும், இறைவன் திருவருளால் அவ்வேலை ஓர் இரவில் நிறைவேறுவதும் நம் நெஞ்சில் பதிந்த காட்சிகள்.

ஆயின், சேக்கிழார் பெருமானின் பெரியபுராணத்தைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கும். அங்கே அந்த வேதியரும் இல்லை. அந்த நாற்பது வேலியும் இல்லை. ஆலயப் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், வழிபாட்டிற்குக் கோரோசனையும் அளித்துத் தொண்டு செய்த அடியவராகவே சேக்கிழார் நந்தனாரைக் காட்டுகிறார். வேதியரையும் நாற்பது வேலியையும் படைத்து நம் நினைவில் நிறுத்தியவர், மாயவரம் என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஓர் எளிய இசையாசிரியர். அவரே கோபாலகிருஷ்ண பாரதியார்.

இளமையும் கல்வியும்

நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில், 1810-ஆம் ஆண்டையொட்டி, இசை வழிவழியாக வந்த குடும்பத்தில் பாரதியார் தோன்றினார். தந்தையார் இராமசுவாமி பாரதியார். முடிகொண்டானிலும் மாயவரத்திலும் வாழ்ந்து, வடமொழியும் வேதாந்தமும் யோகநெறியும் பயின்றார். கருநாடக இசையில் தேர்ந்ததோடு அமையாது, திருவிடைமருதூரில் இராமதாசர் என்னும் வல்லுநரிடம் இந்துஸ்தானி இசையையும் கற்றார். திருமணம் செய்துகொள்ளாமல், இறுதிவரை துறவியைப்போல் வாழ்ந்தார்.

திருவையாற்றில் தியாகராச சுவாமிகளை அவர் கண்ட நிகழ்ச்சியை உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். சுவாமிகளின் சீடர்கள் ஆபோகி இராகத்தில் ஒரு கீர்த்தனத்தைப் பாடிக்கொண்டிருந்தனர். அந்த இராகத்தில் தாங்கள் ஏதேனும் இயற்றியதுண்டா என்று சுவாமிகள் வினவ, இல்லாத நிலையில் பாரதியார் விரைந்து தில்லைச் சபாபதியின்மீது தமிழில் ஒரு கீர்த்தனம் புனைந்து வந்து பாடிக்காட்டி, சுவாமிகளின் பாராட்டைப் பெற்றார். அக்கீர்த்தனம் இன்றும் மேடைகளில் பாடப்பெறுகிறது.

திண்ணையில் எழுந்த இசை

மாயவரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்துச் செல்வர்களின் ஆதரவிலும் பாரதியார் வாழ்ந்தவர். காவிரிக் கரையின் பண்ணைகளையும், அங்கு உழைத்தவர்களின் நிலையையும் அவர் அருகிருந்து கண்டவர். ஆதலின், அவர் பாடிய நந்தன் புராணத்து அடியவராக மட்டும் அமையாமல், அவர் காலத்துப் பண்ணையாளாகவும் அமைந்துவிட்டான். ஆண்டானிடம் விடைகேட்டு நிற்கும் அடிமையின் ஏக்கமும், இறுதியில் அவ்வடிமையின் பெருமையை உணர்ந்து உருகும் ஆண்டானின் மனமாற்றமும் கீர்த்தனங்களாயின. அந்தணர் ஒருவர் இதனை இவ்வாறு பாடினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பேச்சு நடை கலந்த அப்பாடல்களில் இலக்கண வழுக்கள் இருந்தன. அக்காலத்தே தமிழ்ப் புலமையின் சிகரமாக விளங்கிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாரதியார் சிறப்புப்பாயிரம் வேண்டினார். பெரியபுராணத்திற்கு மாறுபட்டும் இலக்கணம் பிழைத்தும் இருந்த நூலுக்குப் பாயிரம் தரப் பிள்ளையவர்களுக்கு மனம் வரவில்லை, காலம் கடத்தினார். பாரதியாரோ பன்முறை நடந்தார். ஒருநாள் பிள்ளையவர்கள் வீட்டிற்குள் இருக்க, வெளியே காத்திருந்த பாரதியார் தம்மை மறந்து நந்தனின் பாடலொன்றைப் பாடலானார். தில்லையின் எல்லையில் நின்று, உள்ளே வரலாமோ என ஏங்கும் உள்ளத்தின் குரல் அது. கேட்ட மகாவித்துவானின் கண்கள் கலங்கின. வெளியே வந்து, முன்பு மறுத்த பாயிரத்தை மனமுவந்து அளித்தார். இலக்கணம் அன்று அன்பிற்கு வழிவிட்டது.

நந்தனார் சரித்திரக் கீர்த்தனை, காரைக்காலிலிருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவால் 1860-களின் தொடக்கத்தில் அச்சேறியது. தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் போன்ற கதாகாலட்சேப வல்லுநர்கள் நந்தன் கதையை ஊரெங்கும் பரப்பினர். திருநீலகண்டர், இயற்பகையார், காரைக்காலம்மையார் வரலாறுகளையும் பாரதியார் கீர்த்தனங்களாகப் பாடியுள்ளார்.

இழந்த மாணவர்

1871-ஆம் ஆண்டு, பிள்ளையவர்களிடம் தமிழ் கற்க மாயவரம் வந்தார் இளைஞர் சாமிநாதர். அவருடைய தந்தையார் இசைவாணர், பாரதியாரை நன்கறிந்தவர். அவர் விருப்பப்படி சாமிநாதர் பாரதியாரிடம் இசையும் பயிலலானார். பிள்ளையவர்கள் இதனை அறியார். ஒருநாள் அவரைச் சந்தித்த பாரதியார், மாணவரின் இசைத்திறத்தைக் களங்கமின்றிப் பாராட்டிவிட்டார். இசையில் மனம் சென்றால் தமிழில் ஊன்றாது என்று பிள்ளையவர்கள் கருதவே, சாமிநாதர் இசைப்பயிற்சியை நிறுத்திக்கொண்டார்.

தாம் சொன்ன பாராட்டினாலேயே நல்லதொரு மாணாக்கரை இழந்தார் பாரதியார். எனினும் அம்மாணாக்கர் அவரை மறந்தாரல்லர். பிற்காலத்தே தமிழ்த் தாத்தா எனப் புகழ்பெற்று, சங்க நூல்களை மீட்டுத் தந்த சாமிநாதையரே தம் முதுமையில் பாரதியாரின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். இன்று நாம் பாரதியாரைப் பற்றி அறிவனவற்றுள் பெரும்பகுதி, சிலகாலமே பயின்ற அம்மாணவரின் நன்றியால் நமக்குக் கிடைத்தவை.

வாழும் பணி

பாரதியார் 1896-இல் சிவபதம் அடைந்தார். நந்தனோ நடந்துகொண்டே இருந்தான். மகாகவி சுப்பிரமணிய பாரதியார் அவ்வர்ணமெட்டுகளில் தேசியப் பாடல்கள் புனைந்தார். 1935-இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942-இல் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராகத் தோன்றிப் பாடினர். அக்காலத்திலேயே, 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்தின் கதவுகள் விலக்கப்பட்ட மக்களுக்குத் திறந்தன; 1947-இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டமும் நிறைவேறிற்று. பாடல் மட்டுமே கதவைத் திறந்ததென்று கூறலாகாது, பலர் போராடினர். எனினும், உள்ளே இருந்தோரின் நெஞ்சை முன்னதாகவே இளகச் செய்ததில் இப்பாடல்களுக்கும் பங்குண்டு.

பாரதியாரின் நந்தனும் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே தில்லைக் கூத்தனின் திருமுன் செல்கிறான். தீ மூழ்காமல் எவரும் சந்நிதிக்கு வரலாம் என்னும் நிலையைக் காப்பது, அவருக்குப் பின் வந்த நமது பொறுப்பாகும். திருவிழா நாளில் நம் ஆலய வாயிலில் வந்து நிற்கும் எவரும், உள்ளே வரலாமோ என்று ஐயுற்று நிற்க வேண்டாத நிலையே அந்த மாயவரத்து ஆசிரியருக்கு நாம் செய்யும் வழிபாடு. அதற்குத் தில்லைக் கூத்தன் திருவருள் துணைநிற்பதாக.